தொடர்நாடகச் சுவைப்பும் குற்ற உணர்வும்: யாழ்ப்பாண இல்லம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1. பிரச்சினை

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்நாடகங்கள் பற்றி யாழ்ப்பாணத்துக் கற்றோர் வட்டத்தில் இருவகைப் பேச்சுக்கள் நிலவுகின்றன. ஒன்று மேடையிலும் எழுத்திலும் நிகழ்வது, அது கண்டனம். மற்றது வீட்டு விறாந்தையிலும் ஒழுங்கையிலும் நிகழ்வது. அது நேற்றைய கதை பற்றிய உரையாடல். முதலாவதில் ஈடுபடுவோருட் கணிசமானோர் இரண்டாவதிலும் ஈடுபடுகின்றனர். ஆயினும் இவ்விரு பேச்சுக்களும் ஒன்றையொன்று அறியாதனபோல நடந்துகொள்கின்றன.

தொடர்நாடகம் பார்ப்பதை ஒப்புக்கொள்ளும் முறைமையே ஆய்வுக்குரியது. “சும்மா போட்டுக் கிடந்தது, பார்த்தனாங்கள்” என்பர் சிலர். “அம்மாவுக்காகத்தான் அந்த நேரம் போடுறது” என்பர் வேறு சிலர். “கதை ஒண்டுமில்லை, இழுக்கிறாங்கள்” என்று கூறிக்கொண்டே, இழுபடும் அக்கதையின் அடுத்த பகுதியைத் தவறவிடாதிருப்போரும் உளர். இன்பத்தை அனுபவித்தவாறே அதனை மறுதலிக்கும் இப்போக்கு தனிமனித பலவீனமன்று. பல வீடுகளில் ஒரே வாய்பாட்டில் வெளிப்படுவதனால் அது சமூகத் தன்மை வாய்ந்தது என்றே கொள்ளல் வேண்டும். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பிக்கும் நாமும் இவ்வாய்பாட்டுக்குப் புறத்தே நிற்பவரல்லர்.

தொடர்நாடகத்தின் தரம் யாது என்ற வினா பலராலும் எழுப்பப்பட்டுள்ளது. ஈண்டு நாம் எழுப்புவது வேறொரு வினா. இச்சுவைப்பு எத்தேவையினின்று பிறக்கின்றது? அதனைப் பின்தொடரும் குற்ற உணர்வு யாருடைய அளவுகோல்? சுவைப்பும் குற்ற உணர்வும் ஆகிய இரண்டும் ஒரே சமூக அமைப்பின் விளைவுகள் என்பதும், ஒன்றை விளங்காது மற்றதை விளங்குதல் இயலாது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. பண்டமாகிய கதை

இவ்வடிவத்தின் தோற்றம் வணிகத்தோடு பிணைந்தது. 1930 ஆம் ஆண்டு சிக்காகோ வானொலியில் ஏர்னா பிலிப்ஸ் எழுதிய ‘பெயின்ற்றட் ட்ரீம்ஸ்’ என்னும் பகல்நேரத் தொடர் இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. வீட்டிலிருக்கும் பெண்களே அதன் நேயர்கள். வீட்டுப் பாவனைப் பொருள்களை, குறிப்பாகச் சவர்க்காரத்தை, விற்ற நிறுவனங்கள் இத்தகைய தொடர்களுக்கு அனுசரணை வழங்கின. ‘சோப் ஒப்பேரா’ என்ற ஏளனப் பெயர் இவ்வாறே பிறந்தது. பெயரிலேயே ஏளனம் அமைந்துவிட்டமை கவனிக்கத்தக்கது. ஏளனம் செய்யப்பட்டது கதை மட்டுமன்று. அதைக் கேட்டவளும், அவள் செய்த வேலையும் அதில் அடங்கும்.

இந்தியாவிலே தூரதர்ஷன் 1984 யூலையில் ஒளிபரப்பத் தொடங்கிய ‘ஹம் லோக்’ இந்தி மொழியின் முதலாவது பெருந்தொடராகும். மெக்சிக்கோவிற் குடும்பத் திட்டமிடல் முதலிய நோக்கங்களுக்காக ஆக்கப்பட்ட தொடர்களை முன்மாதிரியாகக் கொண்டு, அரசின் அபிவிருத்திக் கொள்கையைப் பரப்பும் கருவியாகவே அது முதலிற் கருதப்பட்டது. 1993 ஏப்ரலிற் சன் தொலைக்காட்சி தோன்றியதன் பின்னர் தமிழிலே தொடர் முழுமையாகச் சந்தைக்குரியதாயிற்று. 1999 இல் ஆரம்பித்த ‘சித்தி’ மாலைநேரத்தைத் தனதாக்கிக்கொண்டது. 2002 முதல் 2005 வரை ‘மெட்டி ஒலி’யும், 2003 முதல் 2009 வரை ‘கோலங்கள்’ தொடரும் ஒளிபரப்பாகின. பின்னது 1500 பகுதிகளுக்கு மேல் நீண்டது.

இந்நீட்சி ஆசிரியரின் ஆற்றலின்மையால் விளைந்ததன்று. அதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. சன் தொலைக்காட்சி பல ஆண்டுகளாகக் கைக்கொண்ட முறையில், தயாரிப்பு நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி நேரத்துண்டைப் பெற்று, அந்நேரத்துக்கான விளம்பரங்களைத் தாமே விற்றன. நிலைபெற்றுவிட்ட ஒரு தொடரை முடிப்பது அதற்கெனத் திரண்ட பார்வையாளரைக் கலைத்துவிடுவதற்குச் சமம். வெகுசனத் தொடர்பு சாதனங்கள் விளம்பரதாரருக்கு விற்கும் பண்டம் நிகழ்ச்சியன்று, பார்வையாளரே என்று டலஸ் ஸ்மைத் 1977 இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். மேற்குலக மார்க்சியர் சாதனங்களின் கருத்துநிலையை மட்டும் ஆராய்ந்து அவற்றின் பொருளாதாரத்தைக் காணத் தவறினர் என்பது அவர் குற்றச்சாட்டு. தமிழ்த் தொடர்களைப் பொறுத்தவரையும் அது பொருந்தும்.

ஆனால் யாழ்ப்பாணத்துப் பார்வையாளரின் நிலை இவ்வாய்பாட்டினுள் முழுமையாக அடங்குவதன்று. இந்தியாவில் நடத்தப்படும் பார்வையாளர் கணிப்பில் யாழ்ப்பாணத்து வீடு இடம்பெறுவதில்லை. இடையிடையே வரும் சென்னை நகைக்கடை, பட்டுப்புடைவைக் கடை விளம்பரங்கள் கோப்பாயையோ கரவெட்டியையோ மனதிற் கொண்டு ஆக்கப்பட்டனவல்ல. 1998 இல் ஆரம்பித்த சக்தி தொலைக்காட்சி வழியாகவும், கேபிள் இணைப்பின் வழியாகவும், செய்மதித் தட்டின் வழியாகவும் இத்தொடர்கள் எம்மிடம் வந்து சேர்ந்தன. ஆயினும் மூலத்தில் அவை எம்மை விளித்துப் பேசுவனவல்ல. யாழ்ப்பாணத்துப் பெண் அயல்வீட்டுச் சச்சரவை வேலிக்கு இப்பாலிருந்து கேட்பவளின் நிலையில் இருக்கின்றாள். இந்நிலையின் முக்கியத்துவத்தைப் பின்னர் காண்போம்.

3. விமர்சன மரபும் அதன் அளவுகோலும்

தமிழகத்து வெகுசனப் பண்பாட்டுக்கு எதிரான குரல் ஈழத்திற் புதியதன்று. 1954 இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் அதனைச் சார்ந்தோரும் தமிழகச் சஞ்சிகைகளின் ஆதிக்கத்தை எதிர்த்து நெடுங்காலம் குரல் எழுப்பினர். 1970களின் முற்பகுதியில் அவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அக்காலத்தில் வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டமை அறியப்பட்ட செய்தி. 1966 இல் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’ வளர்ந்ததும், கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972 இல் வெளிவந்ததும், இம்மண்ணின் மாந்தர் இலக்கியத்திற்குள் வரவேண்டும் என்ற அவ்வியக்கத்தின் கோரிக்கைக்குச் சான்றுகளாகும். அவ்வியக்கத்தின் சாதனையை எவ்வகையிலும் குறைத்து மதிப்பிடுதல் இங்கு நோக்கமன்று.

எனினும் அந்த விமர்சனம் பெரும்பாலும் பனுவலை நோக்கியே அமைந்தது. கதை எதைச் சொல்கிறது, யாருடைய நலனைக் காக்கிறது என்று அது வினவியது. எந்த நேரத்தில், என்ன வேலைகளுக்கிடையில், எத்தகைய மனநிலையில், யார் அதனை விரும்பி வாசித்தனர் என்று வினவியமை அரிது. பேராசிரியர் க. கைலாசபதி ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) என்ற நூலில் நாவலுக்கும் அதன் சமூகத்துக்குமுள்ள உறவை ஆராய்ந்தார். பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்பு சாதனமாகக் கொண்டு 1981 இல் நூலொன்று எழுதினார். திரைப்படத்தை வெறும் சீரழிவெனத் தள்ளிவிடாது அதன் சமூகச் செயற்பாட்டை வினவிய இம்முறையியலைத் தொலைக்காட்சித் தொடருக்கு விரிக்கும் பணி எம்முன் உள்ளது.

மேலைத்தேயத்தில் இப்பணியைப் பெண்ணிய ஆய்வாளர்களே முன்னெடுத்தனர். அமெரிக்கத் தொடராகிய ‘டலஸ்’ ஒல்லாந்தில் ஒளிபரப்பானபோது, அதனை விரும்புவோரும் வெறுப்போரும் தமக்கு எழுதுமாறு இயன் ஆங் பெண்கள் சஞ்சிகையொன்றில் விளம்பரம் செய்தார். கிடைத்த 42 கடிதங்களே அவரது நூலின் அடித்தளம். வெறுத்தோர் தயக்கமின்றி எழுதினர். வெகுசனப் பண்பாடு இழிந்தது என்ற ஆயத்தக் கருத்துநிலை அவர்களுக்குத் துணை நின்றது. விரும்பியோரோ தம்மை நியாயப்படுத்த வேண்டியவராயினர். சிலர் கேலி செய்தவாறு பார்ப்பதாகக் கூறினர். சிலர் அதன் குறைகள் தமக்குத் தெரியும் என்று முன்கூட்டியே அறிவித்தனர். “இழுக்கிறாங்கள்” என்று கூறியவாறு பார்க்கும் எம்மவரை இக்கடிதங்களில் இனங்காண்பது கடினமன்று. விரும்புவதற்கான காரணத்தைச் சொல்லும் மொழி அவர்களுக்குக் கிட்டவில்லை. வெறுப்பதற்கான மொழி மட்டுமே சமூகத்தில் மதிப்புப் பெற்றிருந்தது.

4. திரையின் வீடும் யாழ்ப்பாணத்து வீடும்

தொடர்நாடகத்திற் பெண்கள் தமது வாழ்வையே காண்கின்றனர், ஆதலால் விரும்புகின்றனர் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இவ்விளக்கம் போதுமானதன்று.

தமிழகத் தொடர்களின் அச்சாணி மாமியார்-மருமகள் முரண்பாடு. மணமகள் கணவன் வீட்டுக்குச் செல்வதும் அவ்வீட்டின் அதிகாரத்துக்கு உட்படுவதும் அதன் முற்கோள். யாழ்ப்பாணத்திலோ வீடும் காணியும் சீதனமாக மகளுக்குக் கொடுக்கப்படுவதும், மணமக்கள் பெரும்பாலும் பெண்ணின் வீட்டிலோ அவளது தாயின் அயலிலோ வாழ்வதும் நெடுங்கால வழக்கு. ஒல்லாந்தர் 1707 அளவில் தொகுத்த தேசவழமையிற் சீதனம் தனிச் சொத்துவகையாக இடம்பெற்றுள்ளது. அதேவேளை, மணமான பெண் தனது அசைவற்ற சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பதும் தேசவழமைக்கு உட்பட்ட சட்ட நிலையாகும். எனவே எம்மிடை அதிகாரம் இல்லாதிருக்கவில்லை; அது வேறு வழியாக இயங்குகின்றது. ஆனால் திரையிற் காணும் மாமியாரின் சமையலறை யாழ்ப்பாணத்துப் பெண்கள் பலருக்குத் தமது சமையலறையன்று. தன் வீடல்லாத ஒன்றில் அவள் ஏன் இத்துணை ஈடுபடுகின்றாள்?

இயன் ஆங் உணர்ச்சிசார் யதார்த்தம் என ஒன்றைக் குறிப்பிடுகின்றார். புறவுலக விவரங்கள் பொருந்தாவிடினும், உணர்ச்சிகளின் உறவு பொருந்துவதாற் பார்வையாளர் அதனை உண்மையெனக் கொள்கின்றனர். யாழ்ப்பாணத்தில் இவ்வுணர்ச்சிப் பொருத்தத்துக்கு இரு அடிப்படைகளை நாம் காண்கின்றோம்.

முதலாவது, வீட்டின் வெறுமை. 1983 இன் பின்னர் இலட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டு வெளியேறினர். ஒரு தாயின் பிள்ளைகள் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் நோர்வேயிலும் பரந்திருக்க, சீதனத்துக்கெனக் கட்டப்பட்ட பெரிய வீட்டில் முதியோர் இருவரோ ஒருவரோ எஞ்சியிருப்பது குடாநாட்டிற் பொதுக்காட்சி. தொடர்நாடகத்தின் வீடோ ஒருபோதும் வெறுமையாய் இருப்பதில்லை. அண்ணன், தம்பி, மருமக்கள், பேரப்பிள்ளைகள் யாவரும் ஒரே கூரையின்கீழ் உண்டு, சண்டையிட்டு, கதவடைத்து, மீண்டும் கூடுகின்றனர். சண்டை இருப்பதே ஆட்கள் இருப்பதற்கு அடையாளம். ‘மெட்டி ஒலி’யில் ஐந்து பெண்மக்களைப் பெற்ற சிதம்பரத்தின் துயரம், “ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி” என்ற பழமொழியை அறிந்த யாழ்ப்பாணத்துக்கு விளக்கவேண்டியதன்று. ஆனால் அத்தந்தையின் துயரத்தோடு ஒரு பேறும் சேர்ந்திருந்தது: அவருடைய மக்கள் பேருந்தில் வந்து சேரக்கூடிய தூரத்தில் இருந்தனர். பிள்ளைகளைக் கைத்தொலைபேசித் திரையில் மட்டும் காணும் தாய்க்கு அப்பேறு சிறியதாகத் தோன்றாது.

இரண்டாவது, பேசுதற்கான வெளி. யாழ்ப்பாணச் சமூகத்தைக் ‘கிடுகுவேலிப் பண்பாடு’ கொண்டதெனக் குறிப்பிடுவர். குடும்பத்தின் உள்விவகாரம் வேலிக்கு வெளியே செல்லலாகாது என்பது அதன் எழுதாச் சட்டம். சீதனத் தகராறு, கணவனின் குடி, காணிப் பங்கீடு, மகளின் விருப்பத்துக்கு மாறான திருமணம் ஆகியன ஒவ்வொரு வீட்டிலும் உள்ளன; எந்த வீட்டின் பெயராலும் அவற்றை வெளியிற் பேசுதல் கூடாது. தொடர்நாடகத்தின் மாந்தரைப் பற்றியோ யாரும் எதுவும் பேசலாம். “அவள் அந்தக் காணியை எழுதிக் குடுத்தது பிழை” என்று அயலவள் சொல்லும்போது, அது யாருடைய காணி என்று எவரும் கேட்பதில்லை. வேலிக்கு இப்பாலிருந்து கேட்பவளின் நிலை தரும் பாதுகாப்பு இதுவே. எம்மை நோக்கிப் பேசாத கதை என்பதனாலேயே எம்மைப்பற்றிப் பேச அது உதவுகின்றது.

இவ்வகையிற் சுவைப்பு செயலற்ற நுகர்வன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நிகழ்ந்துவரும் புராணபடனத்தை இங்கு நினைவுகூரலாம். கந்தபுராணத்தை ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்வார். கதை நாட்தோறும் தொடரும். கேட்போர் அதன் முடிவை முன்பே அறிவர். அறிந்த கதையைத் தவணை தவணையாகக் கேட்டு, அதன் பொருளைத் தம் வாழ்வோடு ஒட்டிப் பேசும் பழக்கம் இச்சமூகத்துக்குத் தொலைக்காட்சி கற்றுக்கொடுத்ததன்று. திரையின் முன் அமர்ந்து, “இவன் இப்ப பொய் சொல்லுறான்” என்றும் “இவளுக்கு இது காணும்” என்றும் கூறும் பெண்கள் ஒருவகையிற் பயனே சொல்கின்றனர்.

5. குற்ற உணர்வின் பாலும் வர்க்கமும்

அவ்வாறாயின் குற்ற உணர்வு ஏன்? நேரம் வீணாகின்றது என்பது முதற் காரணமாகக் கூறப்படும். ஆனால் ஐந்து நாள் நீளும் டெஸ்ற் கிரிக்கெற் போட்டியைப் பார்க்கும் ஆடவர் எவரும் அதற்காக நாணுவதை நாம் கண்டதில்லை. உணர்ச்சி மிகுகின்றது, அழவைக்கின்றது என்பது அடுத்த காரணம். புராணங் கேட்டு உருகியவர் பண்பட்டவர் என்றே போற்றப்பட்டார். எனவே நேரமோ கண்ணீரோ அளவுகோலாகாது. யார் பார்க்கின்றார், அவர் பார்க்கும்போது எந்த வேலை நிற்கின்றது என்பதே அளவுகோல்.

வீட்டுவேலைக்கு ஓய்வுநேரம் வகுக்கப்பட்டிருக்கவில்லை. அலுவலகத்திலிருந்து திரும்பும் ஆடவனின் மாலை அவனுக்குரியது; அதே அலுவலகத்திலிருந்து திரும்பும் பெண்ணின் மாலை அடுப்படிக்குரியது. பகல்நேரத் தொடர்களை ஆராய்ந்த தானியா மொட்லெஸ்கி 1982 இல் வெளியிட்ட நூலில், அவற்றின் துண்டுபட்ட கதையோட்டம் இடையறாது குறுக்கிடப்படும் வீட்டுவேலையின் இலயத்தோடு இசைவதாக எடுத்துக்காட்டினார். தேங்காய் துருவிக்கொண்டும், பிள்ளையின் கொப்பியைப் பார்த்துக்கொண்டும் தொடரைப் பின்பற்றலாம். பத்து நிமிடம் தவறினாலும் கதை கைவிட்டுப் போவதில்லை. ஆகவே அவள் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் வேலை செய்தவாறே பார்க்கின்றாள். ஆயினும் தன் கவனத்தின் ஒரு பங்கைத் தனக்கென வைத்துக்கொண்டமை குற்றமாக உணரப்படுகின்றது. கூலியற்ற உழைப்பை இயற்கைக் கடமையாக ஆக்கிய கருத்துநிலை, அவ்வுழைப்பினின்று சிறிது விலகுவதையும் திருட்டாக உணரச் செய்கின்றது.

யாழ்ப்பாணத்துக்குரிய மற்றொரு காரணியும் உண்டு. வளம் குறைந்த இக்குடாநாட்டின் மத்தியதர வர்க்கத்துக்குக் கல்வியே முதலாக அமைந்தது. அரச உத்தியோகமும் பின்னர் புலப்பெயர்வும் அதன் வழியே வந்தன. 1970களிற் பல்கலைக்கழக அனுமதியில் நடைமுறைப்படுத்தப்பட்ட தரப்படுத்தல் இந்நெருக்கடியைக் கூர்மையாக்கியது. புலமைப்பரிசில் முதல் உயர்தரம் வரை பரீட்சைகளே வீட்டின் நாட்காட்டி. மாலை ஏழு மணி முதல் பத்து மணிவரை பிள்ளை படிக்கும் நேரம். அதுவே தொடர்களின் உச்ச நேரமுமாகும். பரீட்சையிற் பிள்ளை தவறின், “தாய் நாடகம் பார்த்துப் பிள்ளையைக் கெடுத்தாள்” என்ற பழி ஆயத்தமாக இருக்கின்றது. தந்தை செய்தி பார்த்தமை இவ்வாறு பழிக்கப்படுவதில்லை. வர்க்க ஏற்றத்தின் ஒழுக்கவியல், தன் தோல்விக்கான பொறுப்பைப் பெண்ணின் சிறு இன்பத்தின்மீது சுமத்துகின்றது.

முற்போக்காளரின் குற்ற உணர்வு இதனின்றும் சற்று வேறுபட்டது. அது கொள்கையின் மொழியில் வெளிப்படும். நிலமானியக் குடும்ப விழுமியங்களைக் கண்டிப்பவர் அவற்றைக் காட்டும் தொடரில் மனம் ஈடுபடுவதனால் தம் பிரக்ஞையிற் பிளவு இருப்பதாக அஞ்சுகின்றார். சமயம் பற்றி மார்க்ஸ் 1844 இல் வெளியிட்ட கட்டுரையில் அபின் என்ற சொல்லை மட்டும் நினைவிற் கொள்வோர் பலர். அதே பந்தியில் அவர் சமயத்தைத் துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கு எதிரான முறைப்பாடாகவும் கண்டமை மறக்கப்படுகின்றது. நோவு தீர்க்கும் மருந்தை இகழ்வது எளிது. நோவைக் கண்டறிதலே விமர்சனத்தின் கடமை.

6. சுவைப்பின் எல்லைகள்

இவ்வாறு கூறுவது தொடர்நாடகத்துக்கு நற்சான்று வழங்குவதாகாது. வெகுசனப் பண்பாட்டை முற்றாக இகழ்ந்த பழைய போக்குக்கு மாறாக, பார்வையாளரின் இன்பம் எதுவாயினும் அதனை எதிர்ப்பாகக் கொண்டாடும் போக்கொன்று 1980களின் பின்னர் மேலைத்தேயப் பல்கலைக்கழகங்களிற் செல்வாக்குப் பெற்றது. அது சந்தையின் மீதான விமர்சனத்தையே கைவிட்டது. தேவை உண்மையானது என்பதால், அத்தேவைக்கு விற்கப்படும் பண்டமும் உண்மையானது என்று ஆகிவிடாது.

2022 பெப்ரவரி முதல் 2024 யூன் வரை ஒளிபரப்பான ‘எதிர்நீச்சல்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆதி குணசேகரன் என்னும் ஆணாதிக்கக் குடும்பத் தலைவனின் வீட்டிலே கற்ற மருமகள்மார் அடக்கப்படுவதையும் அவர்கள் மெல்ல எதிர்ப்பதையும் திருச்செல்வத்தின் இத்தொடர் காட்டியது. சொத்து யார் பெயரில் உள்ளது என்ற வினா குடும்ப அதிகாரத்தின் மையத்தில் இருப்பதை அது மறைக்கவில்லை. ஆயினும் கொடுமை செய்யும் குணசேகரனே அதன் கவர்ச்சியுமானார். அப்பாத்திரமேற்ற ஜி. மாரிமுத்து 2023 செப்ரெம்பரில் திடீரென மறைந்தபோது, தொடர் இனி எவ்வாறு நடக்கும் என்பதே பலரின் பேச்சாயிற்று. முரண்பாட்டைத் தீர்ப்பது கதையின் தேவை. தீர்க்காது நீட்டுவது சந்தையின் தேவை. இரண்டும் மோதும்போது சந்தையே வெல்கின்றது. பெண்கள் ஒருநாள் எழுவர். மறுநாள் மீண்டும் அதே வாசற்படிக்குள் வருவர். எதிர்ப்பு தீர்வை அடையாது, நாளாந்தம் நுகரத்தக்க ஓர் உணர்ச்சியாக மாறிவிடுகின்றது.

இதனினும் பாரதூரமானது, இத்தொடர்களில் எமது வரலாறு இல்லாமை. 1990 யூனிற் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் குடாநாடு மின்சாரமின்றி வாழ்ந்தது. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். ‘கோலங்கள்’ ஓடிய ஆறாண்டுகளில், 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையைத் தாக்கியது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டது. 2009 மேயிற் போர் வன்னியிற் பேரழிவோடு முடிந்தது. திரையில் அபியின் நிறுவனத்துக்கு எதிரான சதிகள் தொடர்ந்துகொண்டிருந்தன. தமிழகத் தயாரிப்பாளர் இவற்றைக் காட்டவில்லை என்று குறைகூறுவதிற் பயனில்லை. அவர்கள் எமக்காகக் கதை செய்தவரல்லர். ஆனால் அதன் விளைவை நாம் நோக்குதல் வேண்டும்.

தொடர்நாடகத்திற் காணாமற்போனவர் திரும்பி வருவர். விபத்தில் இறந்ததாகக் கருதப்பட்டவர், நினைவிழந்தவர், கடத்தப்பட்டவர் எவராயினும் ஒருநாள் வாசலில் வந்து நிற்பர். அது அவ்வடிவத்தின் நிலைபெற்ற உத்தி. குடாநாட்டுக்கு அப்பால் கிளிநொச்சியில், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் வீதியோரத்திற் போராட்டம் தொடங்கினர். பிள்ளைகளின் புகைப்படங்களைத் தாங்கிய அவர்களுட் பலர் விடை கிடைக்காமலே இறந்துவிட்டனர். காத்திருத்தல் என்ற ஒரே உணர்ச்சி இரு இடங்களிலும் உள்ளது. திரை அதற்கு மீட்சி தருகின்றது. வீதி அதற்குப் பொறுப்புக்கூறலைக் கேட்கின்றது. திரையின் முன் அழுபவளும் வீதியில் அமர்பவளும் வெவ்வேறு பெண்கள் என்று எண்ணிவிடுதல் தவறு. மாலையில் அதே தாய் அதே நாடகத்தைப் பார்க்கக்கூடும். அவளை அதற்காகக் குற்றங்கூறும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் அவளது காத்திருத்தலுக்கு இத்திரை தரக்கூடியது பொய்யான மீட்சி மட்டுமே என்பதையும் மறைத்தல் ஆகாது.

7. முடிவுரை

தொடர் என்னும் வடிவம் தன்னளவிற் பிற்போக்கானதன்று. 1970களில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் ஒலித்த ‘தணியாத தாகம்’ யாழ்ப்பாணக் குடும்பமொன்றின் வாழ்வைச் சித்திரித்துப் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதனை எழுதிய சில்லையூர் செல்வராசன் முற்போக்கு அணியைச் சார்ந்த கவிஞர். அதற்கு முன்னரே, 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தபின், என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ மக்கள் அறிந்த புராண மாந்தரையும் அவர்கள் விரும்பிய கூத்து வடிவத்தையும் கொண்டே தீண்டாமைக்கு எதிராகப் பேசியது. மக்கள் விரும்பும் வடிவத்தை நாணத்துக்குரியதாகக் கொள்ளாது, அதனுள் நின்று பணியாற்றிய மரபு எம்மிடம் உண்டு.

அம்மரபைத் தொடர்வதற்கு இரு பணிகள் முதன்மையானவை. ஒன்று ஆய்வுப் பணி: வீடுகளில் தொடர்நாடகம் பார்க்கப்படும் சூழலையும், பார்ப்போர் அது பற்றிச் சொல்லும் ‘பயனையும்’ பதிவுசெய்தல். கணிப்பீடுகளுக்கு வெளியே விடப்பட்ட இப்பார்வையாளரைப் பல்கலைக்கழகமாயினும் கணக்கிற் கொள்ள வேண்டும். மற்றது ஆக்கப் பணி: சீதன வீட்டையும், வெறுமையான விறாந்தையையும், காத்திருக்கும் தாயையும் மையமாகக் கொண்ட தொடர்களை இம்மண்ணில் உருவாக்குதல். முன்னதின்றிப் பின்னது உபதேசமாகிவிடும். பின்னதின்றி முன்னது ஏட்டளவில் நின்றுவிடும்.

இவற்றுக்கு முதற்படியாகக் கைவிடவேண்டியது குற்ற உணர்வையே. குற்ற உணர்வு தொடர்நாடகம் பார்ப்பதை ஒருபோதும் நிறுத்தியதில்லை. பார்த்ததைப் பற்றி நேர்மையாகச் சிந்திப்பதை மட்டுமே நிறுத்தியிருக்கின்றது. விறாந்தையில் நிகழும் உரையாடலும் மேடையில் நிகழும் உரையாடலும் ஒன்றாகும்போதுதான், இவ்வின்பத்தின் அடியிலுள்ள தேவையை விற்பனையாளரிடமிருந்து மீட்டெடுத்தல் சாத்தியமாகும்.